பாவில் புகுந்த ஜீப்பும் ஜோலார்பேட்டைக்குப் போன கமலவேணியும்

குடியாத்தம்,
21-8-57

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் கனகராஜ் அவர்கள் சமூகத்துக்கு நந்தகோபால் எழுதிக்கொண்டது. இங்கு நானும் நாலு தறியும் க்ஷேமம். அங்கு தாங்களும், தங்கச்சி பூரணியும், குழந்தைகளும், லோகோ ஷெட்டில் தங்கள் கையால் பிழைத்துக்கொண்டிருக்கும் இஞ்சின்களும், இருபது நாளாகத் தங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட தங்கள் தங்கையும் என் மனைவியுமான கமலவேணியும் க்ஷேமமாக இருப்பதாக நம்புகிறேன்.

மச்சான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அவள் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறியபோது ஆடி மாசம் நடந்துகொண்டிருந்தது. அது ஒரு விதத்தில் எனக்கு அனுகூலமாகப் போயிற்று. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "ஆடிக்கு அவங்க அண்ணன் கூட்டிட்டுப் போய்ட்டாரு" என்று சொல்லிவைத்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆன பெண்ணை எந்த அண்ணன் ஆடிக்கு அழைத்துப் போவான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே தவிர, சிரித்தார்கள். இப்போது ஆடியும் முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. ஊரிலுள்ள புதுப்பெண்களெல்லாம் பூவும் பழமுமாகப் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இனி நான் எதைச் சொல்லிச் சமாளிப்பது? ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் தாங்கள் தயவுசெய்து அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லிப் பாசஞ்சரில் ஏற்றி அனுப்ப வேண்டியது. எந்த வண்டியால் இவ்வளவும் வந்ததோ அந்த ஜீப் இப்போது என்னிடம் இல்லை. விற்றுவிட்டேன். நேற்றுக் காலையோடு வாசல் காலி.

தாங்கள் இரும்போடு பழகியவர். ஆகையால் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு என்னை மட்டமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஆதியோடந்தமாக எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்தேன். வேலூரிலிருந்து நூல் கட்டு கொண்டுவரவும் சந்தைக்கு லுங்கிக் கட்டு கொண்டுபோகவும் மாட்டு வண்டிக்காரனைக் கெஞ்ச வேண்டாம் என்பதுதான் என் யோசனை. மலை ஏறும், ஆறு இறங்கும், மணலில் போகும் என்று ஏலக்காரன் சொன்னான். அத்தனையும் சத்தியம். மலையும் ஆறும் மணலும் அதற்குச் சரிப்பட்டுவரும், நல்ல ரோடு மட்டும்தான் சரிப்பட்டு வராது. ரோட்டுக்கு வந்ததும் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். போதாக்குறைக்கு அமெரிக்கப் பட்டாளத்து வண்டியானதால் ஸ்டீரிங் இடது பக்கம். உங்கள் தங்கை வலது பக்கம் உட்காருவாள். எதிரே வருகிறவர்கள் பார்த்தால், மஞ்சள் பூசிய முகத்தோடு ஒரு பெண்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டே வண்டி ஓட்டிவருவது போல இருக்கும். மாதனூர்ப் பக்கம் ஒரு கிழவர் வண்டியை நிறுத்தித் தேங்காயே உடைத்துவிட்டார். வேலூரில் ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து அவள் பக்கம் நின்று, "இன்னாம்மா, லைசென்சு எங்க?" என்றார். இந்தப் பக்கம் ஒரு ஆள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளாவது எடுத்துச் சொல்ல வேண்டாமா? "வீட்ல வச்சிட்டு வந்துட்டேன், நாளைக்கு எடுத்தாறேன்" என்று நெஞ்சழுத்தத்தோடு பதில் சொன்னாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எதைப் பற்றிய சந்தேகம் என்பதை விட்டுவிடுங்கள்.

வண்டி வாங்கிய மறு வருஷம் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. வேலூர் மெக்கானிக் அந்தோணி பார்த்துவிட்டு, "புதுசு போடணும் சார், பட்டறையில ஒரு வாரம் உடுங்க" என்றான். ஒரு வாரம் விட மனசு வரவில்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி எதற்குப் போடுகிறோம்? நூலில் இருக்கிற பிசிறும் ஓட்டையும் அடைபட்டு இழை கெட்டிப்படத்தானே? நூலை அடைக்கிற கஞ்சி தகரத்தை அடைக்காதா? நல்ல பதமாகக் காய்ச்சி, வடிகட்டி, இரண்டு செம்பு ஊற்றினேன். மச்சான், பொய் சொல்லமாட்டேன், ஒழுக்கு நின்றுவிட்டது. வீட்டிலிருந்து மாதனூர் வரை ஒரு சொட்டு விழவில்லை. எனக்கு இருந்த கர்வத்தில் ஆம்பூர் ரோட்டில் ஒரு லாரியைக்கூட முந்தினேன். முந்தி அரை மைல் போனதும் உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க மூடியைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. கஞ்சி ஆளுயரத்துக்கு எழும்பி, கண்ணாடி மேலும், பானெட் மேலும், புது வேட்டி மேலும் விழுந்தது. நான் முந்திய அதே லாரிக்காரன் பின்னாலேயே வந்து, இறங்கி நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு உடம்பு சரியில்லியா, கஞ்சி குடுக்கிறீங்க?" என்று கேட்டான். எங்கிருந்துதான் மோப்பம் பிடித்ததோ, பக்கத்துத் தோப்பிலிருந்து நாலு கோழி ஓடிவந்து பானெட்டில் ஏறிக் கொத்த ஆரம்பித்துவிட்டன. கோழிகளை விரட்ட வேண்டாம் என்று உங்கள் தங்கை சொன்னாள். அவை சுத்தம் பண்ணிய அளவு நான் துணி வைத்துத் துடைத்திருந்தாலும் சுத்தமாகியிருக்காது என்பது வாஸ்தவம்.

அடுத்து மேல்கூரை விவகாரம். படுதா கிழிந்து தொங்கியதால் ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருக்கும் என் தோஸ்த் ஹயாத் பாஷாவிடம் போனேன். படுதாவைப் போல ஒவ்வொரு மழைக்கும் கிழியாமல் எருமைத் தோலிலேயே கூரை போட்டால் பேரன் காலம் வரை உழைக்கும் என்பது என் கணக்கு. அவரும் ஒப்புக்கொண்டார். "இது ஆவாரம்பட்டைத் தொட்டியில இன்னும் எட்டு நாளு ஊறணும், அப்பறமா வா" என்று ஒரு தோலைக் காட்டினார். எட்டு நாள் எதற்கு என்று நினைத்து, அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் வேலைக்காரர்களிடம் சொல்லி எடுத்துவந்து, நானே ஆணி அடித்துக் கட்டிவிட்டேன். பார்க்க ஜம்மென்று இருந்தது. மறுநாள் மழை பெய்தது. மழை விட்டதும் வண்டியிலிருந்து கிளம்பிய வாசனையை எழுத்தில் எழுதமுடியாது. தோல் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை பதினொரு நாய் பின்னாலேயே ஓடிவந்தன. வழியில் களைத்துப்போன நாய்களுக்குப் பதில் புது நாய்கள் சேர்ந்துகொண்டதால் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. பிறகு வெயில் அடித்தது. வெயிலில் அந்தத் தோல் சுருங்கத் தொடங்கியது. கம்பிகளை உள்ளுக்கு இழுத்து வளைத்து, கூரை முழுசும் ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வண்டியில் போகிறவர்கள் எல்லாரும் குனிந்த தலை நிமிராமல்தான் போகவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. பாஷா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எட்டு நாளுன்னு சொன்னேனா இல்லியா? இது தோலா? இன்னும் பாதி எருமை இது. ரொம்ப பேஜார் பண்றே தோஸ்த்" என்றார்.

இத்தனைக்கும் உங்கள் தங்கை ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆணி அடிக்கும்போது சுத்தியல் எடுத்துக் கொடுப்பாள், அந்தோணி வந்தால் ஸ்பானரின் நம்பரைச் சொல்லி எடுத்து நீட்டுவாள். எல்லாம் கெட்டது அந்த ஒரு நாள் விடியற்காலையில்தான்.

தாங்கள் ரயில்வேக்குப் போய் இருபது வருஷமானதால் நம் தெருவின் கட்டுப்பாடு மறந்திருக்கலாம். இங்கே இன்னும் பொழுது விடிவதற்கு முன்பே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டுகிறார்கள். எட்டு மணி வரை நம் தெருவில் சைக்கிள்கூட நுழையாது. பிணத்தையே சுற்றுவழியாகத்தான் கொண்டுபோவார்கள். நான் அன்று ஆற்று மணல் பக்கம் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கையும் கூட இருந்தாள், சும்மா காற்று வாங்க வந்தவள். பேச்சு மும்முரத்தில் போகவேண்டிய சந்தில் திரும்பாமல் வண்டி நம் தெருவிலேயே திரும்பிவிட்டது. எதிரே எதிர்வீட்டுக் கோவிந்தசாமியின் பாவு. முப்பது லுங்கிக்கானது. சிவப்பும் பச்சையுமாகப் பளபளவென்று கஞ்சி காயாமல் நிற்கிறது. "பிரேக்கு, பிரேக்கு! பிரேக்க மிதி!" என்று கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினாய் என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் மனுஷன் தனக்குத் தானே கத்திக்கொள்வது உண்டு. அந்த வண்டியில் மூன்று லீவர் இருக்கிறது. அதில் ஒன்றை இழுத்தால் நாலு சக்கரத்துக்கும் பலம் வந்துவிடும், அப்புறம் எதிரே எது வந்தாலும் நிற்காது, ஆனால் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். மணலில் போட்ட அந்த லீவரை எடுக்க மறந்துபோயிற்று. வண்டி அவசரமே இல்லாமல் பாவுக்குள் நுழைந்தது. இழைகள் அறுந்துவிட்டாலாவது பரவாயில்லை. கோவிந்தசாமி போடும் கஞ்சி நல்ல கஞ்சி, ஒரு இழையும் சீக்கிரத்தில் அறுகிறதாக இல்லை. கட்டியிருந்த கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வண்டியோடு வந்தன. ஒரு கட்டை வலப்பக்கமாக வந்து என் தோளில் இடித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவர, சிவப்பும் பச்சையும் சுற்றிய ஒரு பெரிய நூல் உருண்டையாக நாங்கள் தெருவின் மறுகோடியில் போய் நின்றோம். அறுத்து எங்களை வெளியே எடுக்க வெகுநேரமாயிற்று.

அன்று பகலில் பிள்ளையார் கோயில் முன்பு தெருப் பெரியவர்கள் கூடினார்கள். கோவிந்தசாமி அழுதுவிட்டார், மச்சான். "ஓட்டத் தெரியலன்னா மாடு கட்டி இழுத்துட்டுப் போ நந்தகோபாலு. எம் பாவு உன்னை இன்னா பண்ணுச்சு?" என்றார். நான் துண்டை இடுப்பில் கட்டி, "நான்தான் ஓட்டினேன், தப்பு என்னுதுதான்" என்று சபையில் விழுந்து கும்பிட்டேன். தறியில் ஏற்ற நான் வைத்திருந்த பாவை அவருக்குக் கொடுத்துவிட வேண்டியது, ஒரு மாசம் விடியற்காலையில் அவர் பாவுக்கு நான் கஞ்சி தடவ வேண்டியது என்று தீர்ப்பாயிற்று. இன்று காலையும் தடவிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். காகிதம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மன்னிக்கவும். நான் கொடுத்த பாவுக்கு நூல் இழைத்தவள் உங்கள் தங்கை. அதற்கும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டில் நான்தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். என்ன வார்த்தை என்று அவள் தங்களிடம் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். சொல்லாவிட்டால் நானும் சொல்லப்போவதில்லை. மறுநாள் காலைப் பாசஞ்சரில் அவள் அங்கே வந்து இறங்கினாள்.

இருபது நாளாக நான் சாப்பிடுவதைச் சாப்பாடு என்று சொல்லமுடியாது. முதல் நாள் சாதம் வடிக்கத் தெரியாமல் பொங்கலாகிவிட்டது, இரண்டாம் நாள் பொங்கல் செய்யப் பார்த்து அது கஞ்சியாகிவிட்டது, அதைக் கோவிந்தசாமி பாவுக்கே எடுத்துப்போய்விட்டேன். இதெல்லாம் வேடிக்கைக்குச் சொல்வது. வயிற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தறிச்சத்தம் நின்றதும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, மச்சான். அதுதான் தாங்கவில்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதை அவளிடம் படித்துக் காட்டும்போது இந்த நாலு வரியையும் மெதுவாகப் படிக்கவும்.

அதனால்தான் வண்டியை விற்பதென்று தீர்மானித்தேன். ஏலகிரி மலைமேல் விவசாயம் பண்ணும் ரத்தினசாமி என்பவர் கேள்விப்பட்டு வந்தார். அங்கே மேலே போக ரோடு கிடையாது, எல்லாம் தலைச்சுமையும் கழுதையும்தான் என்றார். ரோடு இல்லாத இடம் என்றதும் இவர்தான் இந்த வண்டிக்குப் பிறந்தவர் என்று முடிவுசெய்தேன். குனிந்து உட்காருவதெப்படி என்பதையும் மூன்று லீவரையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். "நாயிங்க இன்னாத்துக்கு இப்பிடிச் சுத்துது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ராசியான வண்டி என்று சொல்லிவைத்தேன். நேற்றுக் காலை அவர் ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கியது. புகை ஜாஸ்தி.

ஆகவே, மச்சான், வழக்குத் தீர்ந்தது. அவள் வரலாம். வாசல் சுத்தமாக இருக்கிறது, இனி ஆணி, சுத்தியல், ஸ்பானர் என்ற பேச்சே இந்த வீட்டில் எழாது. தங்கச்சி பூரணிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் இஞ்சின்கள் அனைத்தும் ஒழுகாமலும் கொதிக்காமலும் தீர்க்காயுசாக ஓடட்டும். தபால்தலை தீர்ந்துவிட்டது, வாங்கிவந்து இன்றைய தபாலிலேயே சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
ப. நந்தகோபால்

பின்குறிப்பு:

அண்ணாவுக்குக் கமலவேணி எழுதுவது. நான் குடியாத்தத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கவலைப்பட வேண்டாம். அவர் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். மேஜை மேல் இந்தக் கடிதம் இருந்தது, படித்தேன்.

காலையில் நீங்கள் ஷெட்டுக்குப் போனபிறகு, லெவல் கிராசிங் பக்கம் ஒரே நாய்க்குரைப்பு. போய்ப் பார்த்தால் நம் வண்டி. நடுவில் நிற்கிறது. நேற்றுக் கிளம்பி வழியெல்லாம் நின்று நின்று வந்த ரத்தினசாமி அண்ணன் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட் போட முடியாமல் கேட்காரர் திட்டிக்கொண்டிருந்தார். "எறங்குங்கண்ணா" என்றேன். ஏறி ஸ்டார்ட் செய்தேன். பெட்டியை வண்டியில் ஏற்றியது அண்ணிதான். அவர்களைக் கோபிக்க வேண்டாம். இங்கே வரும்போது மணி பதினொன்று. தெருவில் பாவு இல்லை. பார்த்துவிட்டுத்தான் நுழைந்தேன்.

ரத்தினசாமி அண்ணன் வழியெல்லாம் முருகா முருகா என்று வந்தார். இப்போது மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். "எனக்கு வண்டியே வாணாம்மா, கழுதையே போதும்" என்கிறார். கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பிப் போகிறார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

கடிதத்தில் ஒன்று பொய். அன்று பாவில் வண்டியை விட்டது அவரில்லை. நான். இரண்டு மாசமாக ஆற்று மணலில் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நூலை அறுத்து எங்களை எடுப்பதற்குள், என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஸ்டீரிங் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். கூரை தாழ இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கோயிலில் நான் வாயைத் திறப்பதற்குள் விழுந்து கும்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, "இனிமே நீ ஸ்டீரிங்கத் தொடாதே" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் அங்கே வந்தேன். வண்டியை விற்கச் சொல்லி நான் எப்போது சொன்னேன்? ஓட்ட விடுங்கள் என்றுதான் கேட்டேன். இருபது நாளாக உங்களிடம் சொல்லாததற்கு மன்னிக்கவும். தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

இதுவரை எழுதும்போது அவர் வந்துவிட்டார். வாசலில் வண்டியை இரண்டு தடவை சுற்றினார். உள்ளே வந்து என்னைப் பார்த்தார். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை. "வழியில பிரேக்கு புடிச்சுதா?" என்றார்.

"நல்லா புடிச்சுது" என்றேன்.

"அப்ப நாளைக்கு ஆம்பூருக்கு நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் எனக்காக ஒரு பொய் சொன்னார். நானும் ஒன்று சொல்லிவிட்டேன். வாணியம்பாடி தாண்டியதிலிருந்து பிரேக் பிடிக்கவே இல்லை, அண்ணா. நாளைக்கு முதல் வண்டியில் ஸ்பானரோடு வாருங்கள்.